தச்சநல்லூர் ‘நைஜீரியா சாரு’ம் செல்லாத 20 நைரா நோட்டும்

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து மதுரை சாலையில் வடக்கே போனால் தச்சநல்லூர். அங்கே ஒரு தெருவில் நின்று ‘நைஜீரியா சார் வீடு’ என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அவருடைய சொந்தப் பெயர் கரன்ட் பில்லில் மட்டும்தான் இருக்கிறது. வயது 77. கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்று 19 வருடம் ஆகிறது.

அந்த வீட்டுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. கிட்டத்தட்ட 20 வருடம் அந்த வீட்டில் மாடிப்படி இருந்தது, மாடி இல்லை. படி ஏறினால் வானம். கீழ்வீட்டைக் கட்டும்போதே, ‘பின்னால் மாடி எழுப்பலாம்’ என்று போட்டு வைத்த படி அது. அதில் வடகம் காயும், பிள்ளைகள் பட்டம் விடுவார்கள். 2003-ல் மகன் வேலைக்குப் போய்த்தான் மாடி வந்தது. மாடி ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டால், வீட்டில் இருக்கும் ஆச்சி சட்டென்று சொல்வார்: “எங்க மாடிய ஒரு மிலிட்டரிக்காரன் தின்னுட்டான்.”

அந்த மிலிட்டரிக்காரர் 2025 ஜூலை 13 அன்று லண்டனில் ஒரு மருத்துவமனையில் இறந்தார். பெயர் முகமது புஹாரி. நைஜீரியாவின் முன்னாள் அதிபர். செய்தியை முதலில் சொன்னவன் பேரன். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரியில் சேரக் காத்திருந்தவன், மொபைலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “தாத்தா, ஒங்க ஆளு ஒருத்தர் செத்துட்டாராமே, தெரியுமா?”

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எந்த ஊர்ல அடக்கம் பண்ணுதாங்களாம்?” என்று கேட்டார். சொந்த ஊரான டௌராவில் என்று பேரன் பார்த்துச் சொன்னான். சார் தலையாட்டிக்கொண்டார். டௌரா, கட்சினா மாநிலத்தில் இருக்கிறது. அவர் வேலை பார்த்த ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.

அன்றைக்குப் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். பேரன்தான் ஒரு வார்த்தையை விட்டான். “ராணுவ ஆட்சியெல்லாம் தப்புன்னு சொல்லுதாங்க. ஆனா நம்ம நாட்டையும் ஒரு அஞ்சு வருஷம் ராணுவத்துக்கிட்ட குடுத்துப் பாக்கணும் தாத்தா. எல்லாவனும் ஒழுங்கா இருப்பான்.”

டீக்கடையிலும், பஸ்ஸிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டுப் பழகிய வசனம்தான். சொல்கிற யாருக்கும் அதில் கெட்ட எண்ணம் இல்லை. லஞ்சம், குண்டும் குழியுமான ரோடு, நேரத்துக்கு வராத தண்ணீர் என்று வெறுத்துப்போய்ச் சொல்வது. சாருக்குக் கோபம் வரவில்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து, பழைய பாஸ்போர்ட்டுக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து பேரன் கையில் கொடுத்தார். 20 நைரா. ராணுவத் தொப்பி போட்ட ஒருவரின் முகம் அதில் இருந்தது.

“இதுல இருக்கவர் யாரு?”

“முர்தலா முகமது. அவரும் ராணுவ ஆட்சியாளர்தான். 1975-ல் இன்னொரு ராணுவ ஆட்சியாளரைக் கவிழ்த்துட்டு வந்தார். 1976 பிப்ரவரியில் லாகோஸ்ல, கார்ல ஆபீஸ் போகும்போது இன்னொரு ராணுவ அதிகாரி கோஷ்டி சுட்டுக் கொன்னுது. மறு வருஷம் நோட்டுல வந்தார்.”

கதை அங்கிருந்து தொடங்கியது.

சார் நைஜீரியாவுக்குப் போனது 1981 செப்டம்பரில். ஒரு வகையில் அந்த வேலையைக் கொடுத்ததே ராணுவம்தான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். 1970-களில் எண்ணெய் விலை எகிறியது. நைஜீரியாவில் பணம் கொட்டியது. அப்போது ஆட்சியில் இருந்த ராணுவ அரசு, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று 1976-ல் திட்டம் கொண்டு வந்தது. பள்ளிக்கூடங்கள் திறந்தார்கள், வாத்தியார்களுக்கு எங்கே போவது? இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் போனார்கள். பாளையங்கோட்டையில் கல்லூரி முடித்து, பி.எட் வாங்கி, சொற்பச் சம்பளத்துக்குத் தனியார் பள்ளியில் உழைத்துக்கொண்டிருந்த 33 வயதுக்காரருக்கு அது பெரிய கதவு. சென்னைக்கு ரயிலேறிப் போய் நேர்காணலில் உட்கார்ந்தார். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தச்சநல்லூரில் விட்டுவிட்டு விமானம் ஏறினார்.

கானோ நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு சிற்றூர். ஆசிரியர் குடியிருப்பில் தகரக்கூரை வீடு. டிசம்பர் வந்துவிட்டால் சகாராவிலிருந்து ஹர்மட்டான் காற்று புழுதியை அள்ளி வரும். சூரியன் பகலிலேயே நிலா மாதிரி தெரியும், உதடு வெடிக்கும். ஹௌசா மொழியில் ஆசிரியரை ‘மாலம்’ என்பார்கள். தெருவில் நடந்தால் வயதானவர்கள்கூட நின்று ‘மாலம்’ என்று வணக்கம் சொல்வார்கள். “நம்ம ஊர்ல எனக்குக் கெடைக்காத மரியாதை” என்பார் சார்.

அவர் போய் இறங்கியபோது நைஜீரியாவில் ஜனநாயகம் இரண்டாவது முறையாக நடந்துகொண்டிருந்தது. 1960-ல் சுதந்திரம் வாங்கிய நாடு. 1966 ஜனவரியில் முதல் ராணுவப் புரட்சி, பிரதமர் தஃபாவா பலேவா கொல்லப்பட்டார். ஆறே மாதத்தில் ராணுவத்துக்குள்ளேயே எதிர்ப்புரட்சி. முதலில் கவிழ்த்தவர்களில் பெரும்பாலோர் இக்போ இனத்தவர், கொல்லப்பட்ட தலைவர்களில் வடக்கத்தியர் அதிகம். அந்தக் கணக்கை வடக்கு தீர்த்துக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக 1967-ல் பயாஃப்ரா போர் வெடித்தது. மூன்று ஆண்டுகளில் பசியிலும் போரிலும் இறந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்று சொல்கிறார்கள். பிறகு 1975-ல் ஒரு கவிழ்ப்பு. ஒருவழியாக 1979-ல் ஜெனரல் ஒபசாஞ்சோ தேர்தல் நடத்தி, ஷெகு ஷகாரியிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விலகினார்.

அந்த ஜனநாயகம் எப்படி இருந்தது என்று கேட்டால் சார் மழுப்ப மாட்டார். “சகிக்க முடியாம இருந்துது” என்பார். எண்ணெய் விலை சரிந்துவிட்டது. அரிசிக்குத் தட்டுப்பாடு. இறக்குமதி லைசென்ஸை அமைச்சர்களுக்கு வேண்டியவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1983 ஆகஸ்ட் தேர்தலில் முறைகேடு என்று ஊரே பேசியது, சில மாநிலங்களில் கலவரம். சாருக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி. ஊருக்குப் பணம் அனுப்ப வழியில்லாமல், இங்கே ஆச்சி இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்தது அந்த வருட தீபாவளிக்குத்தான்.

1983 டிசம்பர் 31, சனிக்கிழமை காலை. ரேடியோவைத் திருப்பினால் செய்திகள் இல்லை, ராணுவ பேண்டு வாத்தியம் மட்டும். பக்கத்து வீட்டு வரலாற்று ஆசிரியர் அந்த இசையைக் கேட்டதுமே வராந்தாவுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். நாட்டின் மேற்குப் பகுதிக்காரர் அவர், யொருபா. சிறிது நேரத்தில் ஒரு பிரிகேடியரின் குரல் வந்தது. பொருளாதாரம் சீரழிந்துவிட்டது, மருத்துவமனைகளில் மருந்தில்லை, சம்பளம் கொடுக்க வழியில்லை, ஆகவே ராணுவம் பொறுப்பேற்கிறது. படித்தவரின் பெயர் சானி அபாச்சா. அந்தப் பெயரை உலகம் தெரிந்துகொள்ள இன்னும் பத்து வருடம் இருந்தது. புதிய ஆட்சித் தலைவர், மேஜர் ஜெனரல் முகமது புஹாரி. வயது 41.

குடியிருப்பில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சாரும் தட்டினார். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் ஒரு படி இறங்குகிறது. “சம்பளப் பாக்கியப் பத்தி ரேடியோவுல ஒருத்தன் பேசுதான். நமக்காகவே பேசுத மாதிரி இருந்துது. தட்டிட்டேன்.”

வரலாற்று ஆசிரியர் மட்டும் தட்டவில்லை. விரலை விட்டு எண்ணினாராம். “1966 ஜனவரி, 1966 ஜூலை, 1975, இன்றைக்கு. நான்காவது தடவை. நான்கு தடவையும் கைதட்டியிருக்கிறோம்” என்றார். பிறகு சாரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் நாட்டில் ராணுவத்தினர் எங்கே இருப்பார்கள்?”

சார் யோசித்துச் சொன்ன பதில்: “எல்லையில் இருப்பார்கள். லீவு கிடைத்தால் எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு வருவார்கள்.”

நெல்லைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். இரும்பு டிரங்குப் பெட்டியோடு ஜங்ஷனில் இறங்குகிற மிலிட்டரிக்காரர், தெருவுக்கே மாமா. கேன்டீன் சோப்பு, பிள்ளைகளுக்கு மிட்டாய், பெரியவர்களுக்கு ரகசியமாக ஒரு பாட்டில். கொடையில் முன்னால் நின்று வரி எழுதுவார். லீவு முடிந்தால் போய்விடுவார். அவர் என்றாவது ரேடியோ நிலையத்தைப் பிடிப்பார் என்று கனவில்கூட யாருக்கும் தோன்றாது.

தச்சநல்லூரில் செய்தி நாளிதழ் மூலமாகத்தான் வந்தது. ‘நைஜீரியாவில் ராணுவப் புரட்சி’. விமான நிலையங்கள் மூடல், தொலைபேசி துண்டிப்பு. ஆச்சிக்கு அப்போது 30 வயது. இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளையோடு தினமும் ஜங்ஷனுக்கு நடந்து, தந்தி ஆபீஸில் கேட்டுவிட்டுத் திரும்புவார். தெருவில் பார்த்தவர்களெல்லாம் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பதினோராவது நாள் தந்தி வந்தது. ‘நலம்’ என்று ஒரே வார்த்தை. “அந்த ஒத்த வார்த்தைக்கு நான் எத்தன கோயிலுக்கு நேந்திருந்தேன் தெரியுமா” என்று ஆச்சி இப்போதும் கணக்கு வைத்திருக்கிறார்.

முதல் இரண்டு மாதம் எல்லாம் நன்றாகவே இருந்தது. சம்பளப் பாக்கியில் பாதி வந்துசேர்ந்தது. 1984 மார்ச்சில் ‘ஒழுங்கீனத்துக்கு எதிரான போர்’ என்று ஒரு திட்டம் அறிவித்தார்கள். புஹாரிக்கு அடுத்த இடத்தில் இருந்த டுண்டே இடியாக்பான் அதன் முகம். சிரித்து யாரும் பார்த்திராத மனிதர். பஸ் நிறுத்தத்தில் வரிசையில் நிற்க வேண்டும், குப்பை போடக் கூடாது, ஆபீஸுக்கு நேரத்துக்கு வர வேண்டும். மீறினால் ராணுவத்தினர் அங்கேயே தண்டனை கொடுப்பார்கள். சாருக்கு இது பிடித்திருந்தது. ஊருக்கு எழுதிய கடிதத்தில், ‘இங்கே இப்போது எல்லோரும் கியூவில் நிற்கிறார்கள். நம்மூரில் எமர்ஜென்சி சமயத்தில் ரயில் நேரத்துக்கு வந்ததே, அது மாதிரி’ என்று எழுதினார். அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது. பேரனிடம் அதையும் காட்டினார்.

எமர்ஜென்சியைச் சொன்னால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1975-லும் இந்தியாவில் ராணுவம் ஆட்சிக்கு வரவில்லை. நடந்தது எல்லாம் சிவில் அரசாங்கம், போலீஸை வைத்துக்கொண்டு செய்ததுதான். 1977-ல் தேர்தல் வந்தது, மக்கள் கணக்குத் தீர்த்தார்கள். ரயில் நேரத்துக்கு வந்ததைச் சொன்னவர்களே மாற்றி ஓட்டுப் போட்ட ஊர்கள் வடக்கே நிறைய.

மார்ச் கடைசியில் ஒரு காலை. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர், 50 வயதைத் தாண்டியவர், பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தார். இரண்டு சிப்பாய்கள் அவரைப் பள்ளி வாசலில், மாணவர்கள் பார்க்க, தவளை மாதிரி குதிக்க வைத்தார்கள். கையில் ‘கொபோக்கோ’ என்கிற தோல் சாட்டை. தொப்பி விழுந்தது. எடுக்க விடவில்லை. பிள்ளைகளில் சிலர் சிரித்தார்கள். சில பேர் அழுதார்கள். சார் தன் வகுப்பு ஜன்னலை மூடிவிட்டு அல்ஜீப்ரா நடத்தினார். ஊருக்கு எழுதிய அடுத்த கடிதத்தில் இது இல்லை.

அடுத்து வந்ததுதான் மாடியைத் தின்றது.

1984 ஏப்ரலில் எல்லைகளை மூடிவிட்டு, பழைய நைரா நோட்டுகள் செல்லாது, நிறம் மாற்றிய புது நோட்டுகள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். கறுப்புப் பணத்தைப் பிடிப்பதற்காக என்றார்கள். சில நாட்களே அவகாசம். சாரிடம் போர்ன்விட்டா டின்னில் 1,400 நைரா இருந்தது. வங்கி வழியாக இந்தியாவுக்கு அனுப்ப மனு போட்டுவிட்டு, அனுமதிக்காகக் காத்திருந்த பணம். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 20,000 ரூபாய். மாடிக்கு கம்பி, சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாமும் அதற்குள் அடக்கம்.

முதல் நாள் வெயிலில் ஐந்து மணி நேரம் நின்றார், கவுன்ட்டர் மூடிவிட்டது. இரண்டாவது முறை போனபோது வெளிநாட்டுக்காரர் பள்ளியிலிருந்து கடிதம் கொண்டுவர வேண்டும் என்றார்கள். கடிதம் கொடுக்க வேண்டியவர் ஊரில் இல்லை. அவர் வந்து கையெழுத்துப் போட்டு, கடைசி நாள் போய் நின்றபோது இவருக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கையில் கேட்டை இழுத்துப் பூட்டினார்கள். வரிசையைக் கலைக்க சாட்டை சுழன்றது. அடி படவில்லை, ஆனால் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது என்கிறார். யாரிடம் முறையிடுவது? மனு எழுத ஓர் அதிகாரி உண்டா? வழக்குப் போடலாமா? வரலாற்று ஆசிரியரிடம் கேட்டார். ராணுவ அரசின் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று ராணுவ அரசே ஓர் ஆணை போட்டிருப்பதை அவர் பொறுமையாக விளக்கினார். வேலியே பயிரை மேய்ந்தால் ஊர்க்கூட்டத்தில் சொல்லலாம். ஊர்க்கூட்டமே வேலி கையில் இருந்தால்?

எழுபது நோட்டுகளில் ஒன்றை மட்டும் சார் வைத்துக்கொண்டார். மற்றவற்றைக் குடியிருப்பின் காவல்காரர் டீ போட அடுப்பு மூட்டிக்கொண்டார். “நல்லா எரிஞ்சுது” என்றார் சார், வேறொன்றும் சொல்லாமல்.

அந்த வருடம் ஜூலையில் ஒரு விசித்திரம் நடந்தது, பேரன் இதை சினிமாக் கதை என்றே நினைத்துவிட்டான். தப்பி லண்டனில் இருந்த பழைய அமைச்சர் உமரு டிக்கோவை வீட்டு வாசலிலேயே கடத்தினார்கள். மயக்க ஊசி போட்டு, மரப்பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஊசி போட ஒரு மயக்க மருத்துவரையும் உட்காரவைத்து, ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் நைஜீரிய சரக்கு விமானத்தில் ஏற்றப் பார்த்தார்கள். சுங்க அதிகாரிகள் சந்தேகப்பட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். கடத்தியவர்களில் இஸ்ரேலியர்கள் இருந்தார்கள். டிக்கோ ஊழல் செய்தவர் என்று நாடே நம்பியது. ஆனாலும் மனிதனைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவது என்ன நீதி என்று ஆசிரியர் அறையில் முதல்முறையாகக் குரல்கள் கேட்டன. மெதுவாகத்தான். ஏனென்றால் அதற்குள் ‘ஆணை எண் 4’ வந்துவிட்டது. அரசு அதிகாரிகளுக்கு அவப்பெயர் வரும்படி எழுதினால் பத்திரிகையாளருக்குச் சிறை, எழுதியது உண்மையாக இருந்தாலும்கூட. ‘கார்டியன்’ நாளிதழைச் சேர்ந்த இருவர் ஓராண்டு சிறைக்குப் போனார்கள்.

பிறகு 1985 ஏப்ரல். போதைப்பொருள் வழக்கில் மூன்று இளைஞர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்கள் அந்தக் குற்றத்தைச் செய்தபோது அதற்கு மரண தண்டனையே கிடையாது. பின்னால் ஆணை போட்டு, முன்தேதியிட்டுக் கொன்றார்கள். கணக்கு வாத்தியாருக்கு இது எந்தச் சமன்பாட்டிலும் அடங்கவில்லை.

வரலாற்று ஆசிரியர் அப்போது அங்கே இல்லை. 1984 கடைசியில் அரசு ஊழியர்களைக் கொத்துக் கொத்தாக வேலையை விட்டு அனுப்பியபோது அவர் பெயரும் இருந்தது. காரணம் கேட்க இடமில்லை. ஒரு பெட்டி, ஒரு மூட்டைப் புத்தகம், மனைவி, நான்கு பிள்ளைகளோடு லாரியில் ஏறினார். அவருடைய வகுப்புகளைப் பிரித்துக் கொடுத்ததில் இரண்டு சாருக்கு வந்தன. ஒரு கணக்கு வாத்தியார், நைஜீரியப் பிள்ளைகளுக்கு நைஜீரிய வரலாறு நடத்தினார். பாடப்புத்தகம் 1966-க்கு முன்பே நின்றுவிட்டது. அவருக்கு எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. கைதட்டிய விஷயத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதினாரா என்று பேரன் கேட்டான். “எழுதணும்னு நெனைச்சேன்” என்று மட்டும் சொன்னார்.

1985 ஆகஸ்ட் 27 அன்று மறுபடி ரேடியோவில் பேண்டு வாத்தியம். ஜெனரல் பாபாங்கிடா, புஹாரியைக் கவிழ்த்தார். இந்தத் தடவையும் மக்கள் கைதட்டினார்கள். சார் தட்டவில்லை. 1986-ல் நைராவின் மதிப்பை இறக்கிவிட்டார்கள். ஒரு டாலருக்கும் குறைவான நைரா போதும் என்றிருந்தது போய், அடுத்த வருடமே நான்கு நைரா ஆனது. வாங்கும் சம்பளம் ரூபாயில் கால்வாசி ஆகிவிட்டது. அந்த டிசம்பரில் சார் பெட்டி கட்டினார். இந்திய ஆசிரியர்களில் பெரும்பாலோர் அதே காலத்தில்தான் திரும்பினார்கள்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்காரர்கள் அதிகம் அறியாத ஒரு பக்கம் இருக்கிறது. அந்த ஜெனரல்களில் பலர் இங்கே படித்தவர்கள். நைஜீரிய ராணுவ அதிகாரிகளைத் தயார் செய்கிற கடூனா ராணுவ அகாடமியை 1964-ல் தொடங்க உதவியது இந்திய ராணுவம். அதன் முதல் தலைவரே ஓர் இந்திய பிரிகேடியர். பாபாங்கிடா டேராடூனில் பயிற்சி பெற்றவர். ஒபசாஞ்சோ 1965-லும், புஹாரி 1973-லும் நம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்தில் இருக்கிற வெலிங்டன் ராணுவப் பணியாளர் கல்லூரியில் படித்தார்கள். ஊட்டிக்குப் போகிற மலை ரயிலிலிருந்து பார்த்தால் தெரிகிற வெலிங்டன்தான். சார் இதை ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டார். “நம்ம மாடியத் தின்னவரு நம்ம குன்னூர் தேயிலை குடிச்சவரு” என்று ஆச்சியிடம் சொல்லிச் சிரித்தாராம். (இடியாக்பான் படித்தது பாகிஸ்தானின் காகுல் அகாடமியில். அங்கே படித்த பாகிஸ்தான் அதிகாரிகள் சொந்த நாட்டில் என்ன செய்தார்கள் என்பது வேறு கதை.)

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பாடம். பக்கத்து பெஞ்சில் இருந்த இந்திய அதிகாரி, பென்ஷன் வாங்கிக்கொண்டு ரோஜாச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். நைஜீரிய அதிகாரி அதிபர் மாளிகைக்குப் போகிறார். ஏன்? இந்திய ராணுவத்தினர் பிறவியிலேயே நல்லவர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். அது அவர்களுக்கே நியாயமில்லாத புகழ்ச்சி. சுதந்திரம் வந்தவுடனேயே, ராணுவத் தளபதி குடியிருந்த தீன்மூர்த்தி மாளிகைக்கு நேரு குடிபோனார். ‘கமாண்டர்-இன்-சீஃப்’ என்கிற பதவிப் பெயரை 1955-ல் எடுத்துவிட்டார்கள். ராணுவத்தில் இருக்கிறவர்களின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த அரசியல் சட்டத்தின் 33-வது பிரிவு இடம் கொடுக்கிறது. அவர்கள் கட்சியில் சேர முடியாது, ஆனால் தபால் ஓட்டுப் போடலாம். எல்லாவற்றுக்கும் மேலே, தேர்தல்கள் குறையோடும் சண்டையோடும் நடந்துகொண்டே இருந்தன. தோற்றவர் அடுத்த முறை ஜெயிக்கலாம் என்று நம்ப இடமிருந்தது. நைஜீரியாவில் ஒவ்வொரு புரட்சியும் அடுத்த புரட்சிக்கு ஆள் எடுத்தது. மேஜராக இருப்பவர் மாநில கவர்னர் ஆகலாம் என்று ஆனபிறகு, படைமுகாமில் எதைப் பற்றிப் பேசுவார்கள்?

இலங்கையிலும் 1962 ஜனவரியில் ராணுவ, போலீஸ் அதிகாரிகள் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள். நடப்பதற்கு முன்பே விஷயம் கசிந்து பிடிபட்டார்கள். நமக்கு ரொம்பத் தூரத்து வியாதி ஒன்றுமில்லை இது.

சார் ஊருக்கு வந்த பிறகும் நைஜீரியச் செய்திகளைத் தேடித் தேடிப் படித்தார். 1993 ஜூன் 12 தேர்தலில் அபியோலா ஜெயிக்கிற நேரம் பாபாங்கிடா முடிவையே ரத்து செய்தது, அந்த நவம்பரில் அபாச்சா ஆட்சியைப் பிடித்தது, 1995-ல் எழுத்தாளர் கென் சாரோ-விவாவைத் தூக்கிலிட்டது, 1998-ல் அபாச்சா திடீரென்று செத்தது, 1999 மே 29 அன்று ஒருவழியாகத் தேர்தல் ஆட்சி திரும்பியது. சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் 39 ஆண்டுகளில் சுமார் 29 ஆண்டுகள் ராணுவ ஆட்சி. அந்த 1993 தேர்தலில் அபியோலாதான் ஜெயித்தார் என்று பாபாங்கிடா தன் சுயசரிதையில் ஒப்புக்கொண்டது 2025 பிப்ரவரியில். அபியோலா சிறைக் காவலிலேயே இறந்து ஏறக்குறைய 27 வருடம் கழித்து.

பேரன் குறுக்கிட்டது இங்கேதான். “அப்படிப்பட்ட புஹாரிக்கு எப்படி மறுபடி ஓட்டுப் போட்டாங்க?”

நல்ல கேள்வி. புஹாரி 2003, 2007, 2011 மூன்று தேர்தல்களிலும் தோற்றார். மூன்று முறையும் வழக்குத் தொடர்ந்தார். நீதிமன்றங்களின் வாயைக் கட்டிய அதே மனிதர், நீதி கேட்டு நீதிமன்றப் படி ஏறினார். 2015-ல் ஜெயித்தார். பதவியில் இருந்த அதிபரைத் தேர்தலில் தோற்கடித்த முதல் ஆள் அவர்தான். தோற்ற குட்லக் ஜொனாதன் போன் போட்டு வாழ்த்துச் சொன்னார். ரேடியோவில் பேண்டு வாத்தியம் வரவில்லை.

எட்டு வருட ஆட்சியின் கடைசியில், அதே புஹாரியின் காலத்தில், மறுபடியும் நைரா நோட்டு மாற்றம். 2022 அக்டோபரில் அறிவிப்பு, 2023 பிப்ரவரியில் வங்கி வாசலில் கூட்டம், கையில் காசில்லாமல் மக்கள் அலைந்தார்கள். சார் டி.வி-யில் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாராம். ஆனால் இந்த முறை கதை வேறு மாதிரி முடிந்தது. மாநில அரசுகள் உச்ச நீதிமன்றம் போயின. அதிபரின் சொந்தக் கட்சி ஆண்ட மாநிலங்களும் அதில் இருந்தன. 2023 மார்ச் 3 அன்று, பழைய நோட்டு டிசம்பர் 31 வரை செல்லும் என்று நீதிமன்றம் சொன்னது. கொஞ்ச நாள் இழுத்தடித்துவிட்டு அரசு பணிந்தது.

“அதே ஆளு. அதே நோட்டு. ஆனா கேக்க ஒரு எடம் இருந்துது” என்றார் சார்.

2016 நவம்பரில் தச்சநல்லூரிலும் அவர் வங்கி வரிசையில் நின்றவர்தான். முட்டி வலியோடு மூன்று நாள். அங்கே வரிசையில் நின்றவர்கள் சத்தமாகத் திட்டினார்கள், சிலர் சத்தமாகப் பாராட்டினார்கள், இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொண்டது. யாரும் தவளை மாதிரி குதிக்கவில்லை. அந்த வழக்கும் உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில் நான்கு நீதிபதிகள் சரி என்றும் ஒரு நீதிபதி தவறு என்றும் எழுதினார்கள். சார் அந்த ஒரு தீர்ப்பு வெளியான பேப்பரைக் கத்தரித்து வைத்திருக்கிறார். அரசாங்கத்தின் மீது கோபமா என்றால் இல்லை என்கிறார். “தப்புன்னு எழுதின அந்த அம்மாவ யாரும் லாரியில ஏத்தி அனுப்பலல்ல?”

நவம்பரில் வேறொரு செய்தி வந்தது. மாலியில் மின்பாதை வேலைக்குப் போன தமிழகத் தொழிலாளர்கள் ஐந்து பேரை ஆயுதக் கும்பல் கடத்திவிட்டது. மாலியில் 2020-லிருந்து ராணுவத்தின் கையில்தான் அதிகாரம். தீவிரவாதிகளை ஒழித்துப் பாதுகாப்புத் தருகிறோம் என்று சொல்லி வந்தவர்கள். அடுத்தடுத்து புர்கினா ஃபாசோ, நைஜர் என்று அதே கதை. ஆச்சி அந்தச் செய்தியை முழுக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அந்தப் புள்ளைகளோட பொண்டாட்டிமாரு எந்தத் தந்தி ஆபீசுக்குப் போவாங்க இப்போ?” என்றார். தந்தியே 2013-ல் நின்றுவிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

பேரனுக்கு 18 முடிந்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் சேர படிவம் 6-ஐ நிரப்பும் வேலையை மூன்று வாரமாகத் தள்ளிக்கொண்டே வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாப்பிட்டுவிட்டு அவனாகவே மொபைலைத் திறந்து, “தாத்தா, ஒங்க வோட்டர் ஐ.டி நம்பர் வேணுமாம், சொல்லுங்க” என்றான். சார் அலமாரியைத் திறந்தார். அட்டை, பழைய பாஸ்போர்ட்டுக்குள்தான் இருந்தது. எடுக்கும்போது அந்த 20 நைராவும் கூடவே வந்து கீழே விழுந்தது.

ஆச்சி குனிந்து எடுத்து, முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இத ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க? காத்துல பறந்துறப் போவுது. மாடியில ஒரு செங்கல்லாக்கும் இது” என்று சொல்லிவிட்டு, பாஸ்போர்ட்டுக்குள் திரும்பச் செருகி வைத்தார்.